பங்கு விற்ற பணத்தை "இதர வருமானம்" என்று எழுதும் உங்கள் மென்பொருள்: ஒரு புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ரொக்கத்துக்குக் கையகப்படுத்தப்பட்ட பங்குகள் தவறாகப் பதிவாவது குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் தனிநபர் நிதி மென்பொருளுக்குத் தவறாமல் சந்தா கட்டி வருபவன் நான். அன்றாட வரவுசெலவைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கம்பெனியின் பங்குகளை மொத்தமாகப் பணம் கொடுத்து ஒருவர் வாங்கிக்கொண்டால் அதைக் கணக்கில் எப்படி எழுதுவது என்பது உங்கள் மென்பொருளுக்கும் தெரியவில்லை, உதவிப் பிரிவுக்கும் தெரியவில்லை.

என்னிடம் 100 ட்விட்டர் பங்குகள் இருந்தன. 60 பங்குகள் பல ஆண்டுகளுக்கு முன் தலா 20 டாலருக்கு வாங்கியவை. மீதி 40 பங்குகள் 2021 டிசம்பரில் தலா 45 டாலருக்கு வாங்கியவை. மொத்த அடக்க விலை 3,000 டாலர். 2022 அக்டோபர் 27 அன்று கையகப்படுத்தல் முடிந்தது. பங்கு ஒன்றுக்கு 54.20 டாலர் வீதம் 5,420 டாலர் வந்து சேர்ந்தது, பங்குகள் ரத்தாயின. புரோக்கரின் அறிக்கையில் இவ்வளவும் ஒழுங்காக இருக்கிறது.

உங்கள் மென்பொருள் இதை டவுன்லோட் செய்தபோது இரண்டு பதிவுகளாக உடைத்துவிட்டது. "பங்கு நீக்கம்: 100" என்று ஒன்று, "இதர வருமானம்: 5,420" என்று இன்னொன்று. வீட்டை விற்றவனிடம், வந்த பணம் சம்பளம், வீடு காணாமல் போய்விட்டது என்று கணக்கு எழுதிக் கொடுப்பது போல இருக்கிறது இது. நான் போட்ட 3,000 டாலர் எங்கே போயிற்று என்பதற்கு எந்த அறிக்கையிலும் பதில் இல்லை. மூலதன ஆதாய அறிக்கையில் ட்விட்டர் என்ற பெயரே வரவில்லை. வருமான அறிக்கையிலோ முழு 5,420 டாலரும் உட்கார்ந்திருக்கிறது. உண்மையான லாபம் 2,420 டாலர்தான். அதிலும் முதல் லாட்டின் (அதாவது, ஒரே விலையில் சேர்த்து வாங்கிய முதல் தொகுதியின்) 2,052 நீண்டகால ஆதாயம், இரண்டாம் லாட்டின் 368 குறுகியகால ஆதாயம். ஓராண்டு எல்லை வைத்து இப்படிப் பிரித்துக் காட்டுவது உங்கள் மென்பொருளே செய்கிற வேலை. விற்பனை என்று பதிவானால்தானே அது பிரிக்கும்?

உதவிப் பிரிவில் கேட்டேன். "கம்பெனி இணைப்பு" மெனுவைப் பயன்படுத்தச் சொன்னார் ஒருவர். அந்த மெனு, பழைய பங்குக்கு ஈடாக எத்தனை புதுப் பங்கு என்று கேட்கிறது. எனக்குக் கிடைத்தது பணம் மட்டும். பூஜ்யம் என்று போட்டால் ஏற்க மறுக்கிறது. இன்னொருவர் "மூலதனம் திரும்பியது" என்று எழுதச் சொன்னார். அப்படி எழுதினால் அடக்கம் பூஜ்யத்துக்கும் கீழே இறங்குகிறது, ரத்தான 100 பங்குகளும் கடைசிச் சந்தை விலையோடு என் சொத்துப் பட்டியலில் அப்படியே நிற்கின்றன. பணமும் இருக்கிறது, பங்கும் இருக்கிறது! ரொக்க இருப்பை மட்டும் சரிக்கட்டிவிட்டு விட்டுவிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும், சந்தா எதற்கு?

கடைசியில் யாரையும் கேட்காமல் நானே செய்தேன். இரண்டு பதிவுகளையும் அழித்துவிட்டு, கையகப்படுத்தல் முடிந்த தேதியில் 100 பங்குகளையும் 54.20 வீதம் விற்றதாக, இரண்டு லாட்டுகளையும் குறிப்பிட்டு, சாதாரண விற்பனைப் பதிவு ஒன்று போட்டேன். அடக்கம், ஆதாயம், ரொக்க இருப்பு எல்லாம் உடனே நேராயின. முழுக்கப் பணமாகவே தரப்படும் கையகப்படுத்தல் என்பது கணக்கைப் பொறுத்தவரை வெறும் விற்பனைதான். சம்மதம் கேட்காமல் நடக்கிற விற்பனை, அவ்வளவுதான்.

என் கோபத்துக்கு உண்மையான காரணம் இனிமேல்தான் வருகிறது. புரோக்கர் கணக்கைத் துண்டித்து மறுபடி இணைத்ததும் அழித்த இரண்டு பதிவுகளும் திரும்பி வந்துவிட்டன. என் விற்பனைப் பதிவும் இருக்கிறது, உங்கள் "இதர வருமான"மும் இருக்கிறது. ஒரே பணம் இருமுறை ஏறி 10,840 டாலர் ஆகிவிட்டது. கையால் எழுதிய சரியான பதிவோடு, டவுன்லோடில் வரும் அதே தொகையை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி வங்கிக் கணக்கில் இருக்கிறது. முதலீட்டுக் கணக்கில் மட்டும் ஏன் இல்லை?

ரொக்கக் கையகப்படுத்தலுக்கென்று ஒரு தனி மெனு வேண்டும். பங்குக்கு எவ்வளவு, புரோக்கர் கட்டணம் உண்டா, எந்த லாட், கையகப்படுத்தல் முடிந்த தேதி எது, பணம் வந்த தேதி எது என்று அது கேட்க வேண்டும். தேதி இரண்டும் தேவை. டிசம்பர் கடைசியில் முடிந்து ஜனவரியில் பணம் வந்தால் ஆதாயம் எந்த ஆண்டில் விழும் என்பதே மாறிப்போகும். பாதி பணம், பாதி பங்கு என்ற வகையையும் அந்த மெனு ஏற்க வேண்டும். 2023இல் பிராட்காம் கம்பெனி விஎம்வேர் கம்பெனியை வாங்கியபோது, ஏறக்குறைய பாதிப் பங்குகளுக்குத் தலா 142.50 டாலர், மீதிக்குத் தலா 0.2520 பிராட்காம் பங்கு என்ற கணக்கில்தான் கொடுத்தது. இன்றைய உங்கள் மெனுவில் அதில் பாதியைத்தான் எழுத முடியும்.

மெனு வர நாளாகலாம், புரிகிறது. ஆனால் அழித்த பதிவு திரும்பி வருவதை நிறுத்துவதற்கும், "மூலதனம் திரும்பியது" என்று எழுதச் சொல்வதை உதவிப் பிரிவினர் கைவிடுவதற்கும் அவ்வளவு நாள் தேவையில்லை. இவ்விரண்டுக்கும் என் அடுத்த சந்தா தேதிக்கு முன் எழுத்து மூலம் பதில் தாருங்கள். பதில் வராவிட்டால் சந்தாவைப் புதுப்பிக்க மாட்டேன். என் கணக்குகள் அனைத்தையும் லாட் விவரங்களோடு வேறு மென்பொருளுக்கு மாற்றிக்கொள்ளும்படியான கோப்பாகத் தந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்