கடலோர மீனவக் குடியிருப்புக்கு வீட்டுமனைப் பட்டா கோரும் மனு

அனுப்புநர்:
மீனவக் குடியிருப்புப் பெண்கள்,
தொண்டிக்குத் தெற்கே, பாக் நீரிணைக் கரை,
திருவாடானை வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
ராமநாதபுரம்.

பொருள்: வீட்டுமனைப் பட்டா வழங்கவும், கரையிலுள்ள தொழில் இடத்தை ஊர்ப் பொதுப் பயன்பாட்டுக்கு எனக் கணக்கில் ஏற்றவும் கோருதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இந்தக் கரையில்தான் குடியிருக்கிறோம். வீட்டு வரி கட்டுகிறோம். மின் இணைப்பு, ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல் எல்லாம் இந்த முகவரியில்தான் இருக்கின்றன. பட்டா மட்டும் இல்லை. மனு கொடுக்கும்போதெல்லாம் "அது கடற்கரைப் புறம்போக்கு, பார்ப்போம்" என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

சேதுபதி சமஸ்தானத்தின் கீழிருந்த இந்தச் சீமை 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் அரசுக்கு வந்தது. உழுதவர்கள் சாகுபடியைக் காட்டிப் பட்டா கேட்க முடிந்தது. வலை காயப்போட்ட மணலுக்கு எங்கள் பெரியவர்கள் எதைக் காட்டியிருக்க முடியும்? அன்று விடுபட்டதுதான் இன்றுவரை எங்களை ஆக்கிரமிப்பாளர் என்று சொல்ல வைக்கிறது.

வீடு மட்டுமல்ல, ஐயா. விடியற்காலை வத்தைப் படகு கரை சேர்ந்ததும் நண்டு வலையை மணலில் இறக்கி, பெண்கள் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். கால் ஒடியாமல் ஒவ்வொரு நண்டாக வலையிலிருந்து விலக்கி எடுக்க வேண்டும். ஒடிந்தால் வியாபாரி விலையைக் குறைத்துவிடுவார். வெயில் ஏறியதும் அதே இடத்தில் கருவாடு காயும், கிழிந்த வலை தைக்கப்படும். அந்த மணல்தான் எங்களுக்கு வயலும் களமும். இப்போது வெளியூர்க்காரர் ஒருவர் இறால் பண்ணைக்கென்று போட்ட முள்வேலி அந்த இடத்தைக் கடந்து தண்ணீர் ஓரம் வரை வந்துவிட்டது. வத்தையை ஏற்றி வைக்கவே இடம் தேட வேண்டியிருக்கிறது. எங்களிடம் பட்டா கேட்கிறவர்கள், அந்த வேலி எந்தப் புல எண்ணில் நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள், அதாவது கட்டடத்துக்கும் தொழிலுக்கும் கட்டுப்பாடு உள்ள கடலோரப் பகுதிக்குள், இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லித் தீர்ப்பளித்தது. 2005இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் பண்ணைகளுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. இந்தப் பண்ணைக்குப் பதிவு உண்டா என்று விசாரிக்க வேண்டுகிறோம். மீனவக் கிராமங்கள், அவர்களின் பொது இடங்கள், மீன் உலர்த்தும் களங்கள் ஆகியவற்றை வரைபடத்தில் காட்ட வேண்டும், நீண்டகால வீட்டுத் தேவைக்கும் திட்டம் வேண்டும் என்று 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலேயே சொல்லப்பட்டது. எங்கள் களம் அந்த வரைபடத்தில் ஏற வேண்டும்.

பட்டா இல்லாததால் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் எங்களால் வீடு கேட்க முடியவில்லை. ஓலையும் தகரமும் ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் காற்றில் போகின்றன. கடன் வாங்கித்தான் மறுபடி வேய்கிறோம்.

ஆகவே, வருவாய்த் துறையும் நில அளவைத் துறையும் சேர்ந்து கூட்டுப் புலத்தணிக்கை செய்து, வீடுகள் உள்ள இடத்தை நத்தமாக, அதாவது குடியிருப்பு நிலமாக, வகைமாற்றம் செய்து, குடும்பத்துக்கு மூன்று சென்ட் வீதம் பெண்கள் பெயரில் பட்டா வழங்க வேண்டுகிறோம். கரைக் களத்தைத் தனியாருக்குப் போகாதபடி பொதுப் பயன்பாட்டுக்கு எனப் பதிய வேண்டும். கண்மாய்க் கரையில் குடிசை போட்டிருக்கும் ஆதிதிராவிடர் குடும்பங்களையும் மறந்துவிடக் கூடாது. அது நீர்நிலைப் புறம்போக்கு, அங்கே பட்டா தர முடியாது என்று எங்களுக்கும் தெரியும். அவர்கள் வேலைக்குப் போய்வரும் தூரத்திலேயே மாற்று மனை கொடுத்த பிறகே அவர்களை எழுப்ப வேண்டும்.

தணிக்கைக்கு வரும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால், அன்று தொழிலுக்குப் போகாமல் ஊரே கரையில் இருந்து எல்லையைக் காட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மீனவக் குடியிருப்புப் பெண்கள்.

இணைப்பு: வீட்டு வரி ரசீதுகள், மின் கட்டண ரசீதுகள், குடும்ப அட்டை நகல்கள், வேலியின் புகைப்படங்கள்.