வலிக்கு மார்க் போட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் உங்கள் வலி எத்தனை என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்வியைப் பற்றித்தான் எழுதுகிறேன். அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த என் பெரியம்மா போர்வை நுனியைக் கடித்துக்கொண்டே "மூணு இருக்கும்" என்றார், நர்ஸும் மூன்று என்று எழுதிக்கொண்டு நகர்ந்துவிட்டார். பக்கத்துப் படுக்கையில் அலறிக்கொண்டிருந்தவருக்கோ "ரொம்பத்தான் படுத்துது" என்ற பெயர் கிடைத்தது. பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள் என்று வளர்க்கப்பட்டவரும், வாய்விட்டு அழுதால்தான் நாலு பேர் வருவார்கள் என்று வளர்ந்தவரும் சொல்லும் மூன்று ஒரே மூன்றாக இருக்குமா?

இது புதுக் கேள்வி இல்லை. நியூயார்க்கில் ஒரு படைவீரர் மருத்துவமனை நோயாளிகளைக் கவனித்து மானுடவியலாளர் மார்க் ஸ்போரோவ்ஸ்கி 1952-லேயே எழுதினார். இத்தாலிய வம்சாவளியினரும் யூதர்களும் ஒரே மாதிரிதான் முனகினார்கள், ஆனால் முன்னவர்களுக்கு அப்போதைக்கு வலி நின்றால் போதும், பின்னவர்களுக்கோ இது எதில் போய் முடியுமோ என்ற கவலை, அதனால் அவர்களில் மாத்திரையே வேண்டாம் என்றவர்களும் உண்டு.

சரி, இதை வைத்து இன்னார் இப்படித்தான் என்று முத்திரை குத்தினால் அது இன்னும் மோசம். அமெரிக்காவில் 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது என்பது போன்ற கட்டுக்கதைகளை மருத்துவ மாணவர்களே நம்பியது தெரிந்தது. அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள்.

எண்ணோடு நிறுத்தாமல் எப்படி வலிக்கிறது என்று கேட்டால் சிகிச்சைக்கே உதவும். எரியுது, மின்சாரம் பாய்ற மாதிரி சுரீர்னு இழுக்குது என்றால் நரம்பைச் சந்தேகிக்கலாம், அதற்கு மருந்தே வேறு. வலியைப் பற்றி ஆராய்ந்த உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக் 1975-ல் வெளியிட்ட, நோயாளியிடம் வலியைப் பற்றிக் கேட்கும் மெக்கில் வினாத்தாளில் வலியைச் சொல்ல மட்டும் 78 சொற்கள் இருக்கின்றன. ஒருவர் வலிக்கிறது என்றால் அதை மதிக்க வேண்டும் என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கமும் 2020-ல் எழுதியே வைத்துவிட்டது.

அப்புறம் இன்னொன்று. மருத்துவரின் மொழி தெரியாத நோயாளிக்கு மகனையோ பேத்தியையோ மொழிபெயர்க்க நிறுத்துகிறார்கள். அடிவயிற்று வலியை ஒரு தாய் மகன் வாய்வழியாக எவ்வளவு தூரம் சொல்லிவிட முடியும்? வெளியாள் ஒருவரை, பெண்ணுக்குப் பெண்ணாக, வரவழையுங்கள். நோயாளி சொன்ன சொல்லை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி