ஆன்டிபாடி இல்லை, சரி, எதிர்ப்பாற்றலுமா இல்லை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீர்ப்பூச்சிகள் பற்றிய கட்டுரை நன்றாகவே இருந்தது, ஆனால் போகிற போக்கில் "பூச்சிகளுக்கு ஆன்டிபாடி கிடையாது, எனவே எதிர்ப்பாற்றல் இல்லை" என்று ஒரு வரி வருகிறதே, அதைச் சும்மா விட மனம் வரவில்லை. கிருமியைப் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற புரதம் பூச்சிக்கு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அந்த 'எனவே' எங்கிருந்து வந்தது? பாக்டீரியா மண்டிய தண்ணீரிலேயே கிடந்து, அந்தப் பாக்டீரியாவையே வடிகட்டித் தின்று வளர்கிறது கொசுப்புழு. எதிர்ப்பாற்றல் இல்லாமலா? 2011-ல் மருத்துவ நோபல் பரிசில் ஜூல்ஸ் ஹாஃப்மனுக்குப் பங்கு கிடைத்ததே பழ ஈயின் எதிர்ப்பாற்றலை ஆராய்ந்ததற்குத்தான்!

கொசுப்புழுவுக்கு முதுகுப் பக்கம் நீளவாக்கில் ஒரே ஒரு குழாய், அதுதான் இதயம். மற்ற உறுப்புகளெல்லாம் ரத்தத்திலேயே ஊறிக் கிடக்கின்றன. அந்த ரத்தத்தில் ஹீமோசைட் என்ற அணுக்கள் சில மிதந்து திரியும், சில திசுக்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். பாக்டீரியா சிக்கினால் விழுங்கிவிடும். தோலைத் துளைத்துக்கொண்டு வரும் உருளைப்புழுவை விழுங்க முடியுமா? அதைச் சுற்றி மெலனின் என்ற நிறமி படிந்து கறுப்பாய் இறுகி, உள்ளே இருப்பது சாகும். எப்போதும் ஜெயிக்காது, பல சமயம் உருளைப்புழுதான் ஜெயிக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த அணுக்கள் உட்காரும் இடம். ஆப்பிரிக்காவில் மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் காம்பியே கொசுவில் இதைப் பார்த்திருக்கிறார்கள். புழுவாக இருக்கும்போது ரத்தம் இதயத்துக்குள் நுழைவது வால்பக்கமாக மட்டும்தான், அங்கே இருக்கும் மூச்சுக்குழல் கொத்துகளின் மேல் அணுக்கள் கூட்டமாக ஒட்டியிருக்கும். அதே பூச்சி சிறகு முளைத்துக் கொசுவானதும் இதயத்தின் பக்கவாட்டுத் துளைகள் திறந்துகொள்கின்றன, அப்புறம் கிருமி நுழைந்தால் அணுக்கள் வந்து குவிவது அந்தத் துளைகளைச் சுற்றித்தான். ரத்தம் எந்த வழியாக நுழைகிறதோ அங்கே போய் நிற்கின்றன.

இன்னொன்று, சிவப்புப் புழு படத்துக்குக் கீழே "சிவப்பணுக்கள் நிறைந்தது" என்று போட்டிருக்கிறீர்கள். அது கைரோனோமிட் என்ற, கடிக்காத ஒரு ஈ இனத்தின் புழு. அதற்குச் சிவப்பணுவே கிடையாது. ஹீமோகுளோபின் நேரடியாக ரத்தத்திலேயே கரைந்திருக்கிறது, ஆக்சிஜன் குறைந்த சேற்றில் அது தாக்குப்பிடிக்க அதுவும் ஒரு காரணம். பிள்ளைகள் வெட்டி நோட்டில் ஒட்டிவைக்கும் பக்கம் இது, அடுத்த இதழில் அந்தப் படக்குறிப்பையாவது திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விலங்கியல் ஆசிரியர்