ஒரு கிலோமீட்டர் காடு

அன்புள்ள வசந்தி,

இங்கே எல்லோரும் நலம். பெரிய அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னவனுக்கு வேலை மாறிவிட்டது. மற்றதெல்லாம் போனில் பேசிக்கொள்ளலாம்.

நான் எழுத உட்கார்ந்த காரணம் வேறு. "முட்டி மாற்றிய பிறகு காடு, மலையெல்லாம் நமக்கு இல்லை, டிவியில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்" என்று நீ கோமுவிடம் சொன்னாயாம். கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. "இன்னும் ரெண்டே வளைவு, ரெண்டே வளைவு" என்று சொல்லிச் சொல்லியே எங்கள் எல்லோரையும் உச்சிவரை இழுத்துக்கொண்டு போனவள் நீ. உன் வாயிலிருந்தா இந்தப் பேச்சு?

நாங்கள் போன வாரம் இங்கே கனடாவில் வான்கூவர் தீவின் மேற்குக் கரைக்குப் போய்வந்தோம். திரும்பி வந்த கையோடு எழுதுகிறேன். அங்கே நான் பார்த்த காடு உன் முட்டிக்கென்றே இருக்கும் காடு. மலை ஏற வேண்டாம், மூச்சு வாங்க வேண்டாம். ஒரு கிலோமீட்டர் நடந்தால் போதும். அந்த ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை.

டொஃபினோ, யுக்லூலெட் என்று இரண்டு சின்ன ஊர்கள். நடுவில் பசிபிக் ரிம் தேசியப் பூங்கா. கடலிலிருந்து ஈரக்காற்று வந்து மலையில் முட்டி மேலே ஏறிக் குளிர்ந்து அங்கேயே கொட்டிவிடுகிறது. வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கடல் பக்கத்திலேயே இருப்பதால் குளிர்காலத்திலும் பெரிய உறைபனி கிடையாது, கோடையிலும் பெரிய வெயில் கிடையாது. மழை குறையும் கோடை மாதங்களில் கடல்மூடுபனி வந்து இலையெல்லாம் நனைத்துவிட்டுப் போகிறது. இப்படி ஈரமும் மிதமான குளிரும் சேர்ந்த காடு உலகத்தில் அதிக இடத்தில் இல்லை. சிலி, நியூசிலாந்து, டாஸ்மேனியா, ஸ்காட்லாந்து என்று அங்கங்கே கொஞ்சம் கொஞ்சம் உண்டு. எல்லாவற்றிலும் பெரியது அலாஸ்காவிலிருந்து வட கலிஃபோர்னியா வரை இறங்கும் இந்தக் கரைதான்.

பூங்காவுக்குள் நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் இரண்டு சுற்றுப்பாதைகள் இருக்கின்றன. 'ரெயின்ஃபாரஸ்ட் டிரெயில்' என்று பலகையில் ஏ, பி என்று போட்டிருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். தரையிலிருந்து தூக்கிக் கட்டிய பலகைப் பாதை. எதற்காகத் தூக்கிக் கட்டினார்கள் என்பது நடக்க ஆரம்பித்ததுமே புரிந்துவிடும். அங்கே தரை என்று தனியாக ஒன்று இல்லை. பாசி, அதற்கடியில் மக்கிய மரம், அதற்கடியில் இன்னொரு மரம், இடையிடையே வேர். ஒரு ஆயிரம் பேர் மிதித்தால் அது குழைந்து சேறாகி வேரெல்லாம் வெளியே வந்துவிடும். அதனால் பலகையை விட்டு இறங்கக் கூடாது. படம் எடுக்கிறேன் என்று சிலர் கூசாமல் இறங்கிப் பாசிமேல் ஏறி நிற்கிறார்கள். எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியுமே. இரண்டு பேரிடம் நேராகவே சொல்லிவிட்டேன். அவர் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார்.

இப்போது உனக்கு ஒரே ஒரு கட்டையைக் காட்டுகிறேன், கேள்.

எப்போதோ விழுந்த பெரிய சிடார் மரம். பாதைக்கு ஓரமாக நீளமாகக் கிடக்கிறது. பட்டை போய்விட்டது. மேலே விரல்கடை உயரத்துக்குப் பாசி. அந்தப் பாசியில், நகத்தளவு இலையோடு ஹெம்லாக் என்ற ஊசியிலை மரத்தின் கன்றுகள் வரிசையாக முளைத்திருக்கின்றன. ஹெம்லாக் விதை ரொம்பப் பொடி. தரையில் விழுந்தால் பெரணியும் பாசியும் மூடிவிடும், வெளிச்சம் எட்டாது. விழுந்த மரத்தின் முதுகில் விழுந்தால் கொஞ்சம் உயரம், கொஞ்சம் வெளிச்சம், உறிஞ்சி வைத்த ஈரம் எல்லாம் கிடைத்துவிடுகிறது. நூறு கன்று முளைத்தால் ஒன்றோ இரண்டோ தப்பும். தப்பியது வேரைக் கட்டையின் இரண்டு பக்கமும் வழியவிட்டு மண்ணைத் தொட்டுவிடும். அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். சிடார் லேசில் மக்காது. அதன் வைரத்திலேயே பூஞ்சையை அண்டவிடாத சத்து இருக்கிறது. ஆனாலும் ஒருநாள் அடியில் இருந்த கட்டை முழுசாக மக்கிப் போய்விடும். அப்போது மேலே வளர்ந்த மரம் கால் விரித்தபடி நிற்கும், நடுவில் ஒரு ஆள் குனிந்து போகிற மாதிரி ஓட்டை. அந்த ஓட்டையின் அளவுதான் அங்கே முன்பு கிடந்த மரத்தின் பருமன்!

இது தெரிந்த பிறகு காட்டைப் பார்க்கிற கண்ணே மாறிவிட்டது. ஒரு இடத்தில் நாலைந்து பெரிய மரங்கள் நூல் பிடித்த மாதிரி ஒரே நேர்க்கோட்டில் நின்றன. யாரும் நட்டதில்லை. அங்கே எந்தக் காலத்திலோ ஒரு மரம் விழுந்து கிடந்திருக்கிறது. அதன் முதுகில் முளைத்தவை இவை. நானும் அவரும் எதிரெதிரே நின்று அந்தக் கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தேடிக்கொண்டே இருந்தோம். பின்னால் வந்த கூட்டம் எங்களைத் தாண்டிப் போய், சுற்று முடித்து, காரை எடுத்துக்கொண்டு கிளம்பியும் விட்டது. அவர்கள் என்ன பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

நீ தாவரவியல்காரி என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையில் அமெரிக்கப் பக்கம், ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் ஹோ மழைக்காடு இருக்கிறது. அங்கே 'ஹால் ஆஃப் மாஸஸ்' என்ற பாதையும் 1.3 கிலோமீட்டர்தான். பெரிய இலை மேப்பிள் மரங்களில் பாசி சடை சடையாகத் தொங்கும். நளினி நட்கர்னி என்ற ஆராய்ச்சியாளர், தந்தை வழியில் இந்தியர், கயிறு கட்டி அந்த மேப்பிள்கள் மேலே ஏறினார். உச்சிக் கிளையில் பாசி மக்கி மக்கி மண்ணாகவே சேர்ந்திருக்கிறது. மரம் தன் கிளையிலிருந்தே வேர் விட்டு அந்த மண்ணுக்குள் போய்ச் சத்து எடுக்கிறது! 1981இல் 'சயன்ஸ்' இதழில் இதை எழுதினார். கீழே நின்று எத்தனையோ பேர் அண்ணாந்து பார்த்த மரம்தான், ஏறிப் பாசியை விலக்கியபோதுதான் வேர் தெரிந்தது. நம் தாவரவியல் மேடம் இதைக் கேட்டிருந்தால் அன்றைக்கு வகுப்பே நடந்திருக்காது, இதையே பேசிக்கொண்டிருந்திருப்பார்.

அப்புறம் மீன் கதை. இலையுதிர்காலத்தில் சால்மன் மீன்கள் கடலிலிருந்து ஆற்றில் ஏறி வருகின்றன. கரடி பிடித்துக் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய்ப் பாதி தின்றுவிட்டுப் போட்டுவிடுகிறது. மிச்சம் மரத்துக்கு உரம். கடலிலிருந்து வந்த நைட்ரஜனை மரத்தின் வளர்ச்சி வளையங்களிலேயே விக்டோரியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு ஸ்ப்ரூஸ் மரத்தடியில் நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

சரி, உன் முட்டிக்கு வருவோம். இதை நிதானமாகப் படி.

நான் சொன்ன ரெயின்ஃபாரஸ்ட் டிரெயில் இரண்டிலும் படிகள் உண்டு, இறங்கி ஏற வேண்டும். அதனால் முதல்நாள் அங்கே போகாதே. முதலில் ஷோர்பைன் பாக். 800 மீட்டர், சமதளப் பலகைப் பாதை. அது மழைக்காட்டுக்கு நடுவே இருக்கும் சதுப்பு. தண்ணீர் வடியாது, மண் அமில மண், சத்து கிடையாது. அதனால் சில நூறு வயதான மரம்கூட முறுக்கிக்கொண்டு குட்டையாகவே நிற்கிறது. அடுத்து யுக்லூலெட்டில் வைல்ட் பசிபிக் டிரெயிலின் கலங்கரை விளக்கச் சுற்று, 2.6 கிலோமீட்டர். சரளை போட்ட பாதை, லேசான ஏற்ற இறக்கம், நிறைய பெஞ்சுகள். ஒரு பக்கம் பாறையில் கடல் அறைகிறது, மறுபக்கம் உப்புக்காற்றில் சாய்ந்த ஸ்ப்ரூஸ். ஆம்ஃபிட்ரைட் முனையில் முதலில் இருந்த மரக் கலங்கரை விளக்கத்தை 1914இல் ஒரு புயல் அலை அடித்துக்கொண்டு போய்விட்டதாம்; இப்போது நிற்கும் குட்டைக் கான்கிரீட் கட்டடம் 1915இல் கட்டியது. போதாவிட்டால் பூங்காவின் குறுக்கே 25 கிலோமீட்டருக்குத் தார் போட்ட பாதை ஒன்று 2022இல் திறந்திருக்கிறார்கள். எங்கே வேண்டுமானாலும் ஏறி, கால் போதும் என்றதும் திரும்பிவிடலாம். இதையெல்லாம் பார்த்துவிட்டு, கால் ஒத்துழைத்தால், கடைசி நாள் அந்தப் படிப்பாதை. கைப்பிடி உள்ள பக்கமாக மெல்ல இறங்கலாம், நான் கூட இருப்பேன்.

போகிற வழியில் கதீட்ரல் குரோவ் இருக்கிறது, நாலாம் நெடுஞ்சாலையை ஒட்டியே. அது மேற்குக் கரை அளவுக்கு ஈரமில்லாத காடு. டக்ளஸ் ஃபிர் மரங்கள், சிலது 800 வயது. 350 வருஷத்துக்கு முன் வந்த தீயைத் தடித்த பட்டையால் தாங்கி நின்றவை. பெரிய மரம் ஒன்று 76 மீட்டர் உயரம். 1997 புத்தாண்டன்று அடித்த புயலில் நூற்றுக்கணக்கில் விழுந்துவிட்டன. அதனால் பலத்த காற்று அடிக்கிற நாளில் எந்தப் பாதைக்கும் போக வேண்டாம், அதில் மட்டும் நான் கண்டிப்பு.

ஒன்று சொல்ல வேண்டும். இதெல்லாம் தானாக மிஞ்சிய காடு இல்லை. டொஃபினோவுக்கு எதிரே மியர்ஸ் தீவு. அங்கே மரம் வெட்ட வந்தபோது, 1984இல், அந்த இடத்தின் பூர்வகுடிகளான ட்லா-ஓ-குவி-ஆட் மக்கள் தீவைத் தங்கள் பழங்குடிப் பூங்கா என்று அறிவித்துத் தடுத்து நின்றார்கள். அடுத்த வருஷம் நீதிமன்றமும் வெட்டுவதை நிறுத்தச் சொன்னது. 1993 கோடையில் கிளேக்வாட் கடற்பகுதிக் காடுகளுக்காகச் சாலையை மறித்து உட்கார்ந்தவர்களில் 800 பேருக்கு மேல் கைதானார்கள். 2024இல்தான் அந்தப் பகுதியில் ஏறக்குறைய 760 சதுர கிலோமீட்டருக்கு நிரந்தரப் பாதுகாப்பு வந்தது. நாற்பது வருஷம்! பாதையோரம் ஒரு சிடாரில் அடியிலிருந்து மேலே கூம்பிக்கொண்டே போகும் நீளத் தழும்பு பார்த்தேன். கூடைக்கும் பாய்க்கும் பட்டை உரித்த அடையாளம். ஒரு பட்டைதான் உரிப்பார்கள், மரம் சாகாது. இரண்டு ஓரத்திலும் புதுப் பட்டை உருண்டு வந்து தழும்பைப் பாதி மூடியிருந்தது. வெட்டிச் சாய்க்காமலும் மரத்தை எடுத்துக்கொள்ள முடியும் என்று தெரிந்தவர்களின் கைவேலை அது. தொட்டுப் பார்க்க ஆசைதான், தொடவில்லை.

அங்கே வழியில் வாங்கிய புத்தகத்தில் இன்னும் வெட்டப்படும் பழங்காடுகளின் வரைபடம் இருந்தது. அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை வசந்தி. இருக்கும்போதே போய்ப் பார்த்துவிட வேண்டும், பார்த்தவர்கள் நாலு பேரிடம் சொல்ல வேண்டும். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் உன்னை இப்படி விடாமல் பிடிக்கிறேன்.

எப்போது வருகிறாய்? நவம்பர், டிசம்பர், ஜனவரியில் கொட்டித் தீர்க்கும், வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம். செப்டம்பர் முதல் பாதி நன்றாக இருக்கும், விடுதியும் கிடைக்கும். ரப்பர் முனை வைத்த கைத்தடி இரண்டு எடுத்துக்கொள், ஈரப்பலகை வழுக்கும். அடி நன்றாகப் பிடிக்கிற ஷூ, மழைக்கோட்டு. குடை வேண்டாம், பாதை குறுகல். கரடியும் ஓநாயும் உள்ள இடம், அதனால் பேசிக்கொண்டே நடக்கச் சொல்கிறார்கள். நமக்கு அது கஷ்டமா என்ன? ஓடில்லாத மஞ்சள் நத்தை பாதையில் குறுக்கே கிடக்கும், ஒரு சாண் நீளம்கூட இருக்கும், மிதித்துவிடாமல் பார்த்து நட.

வான்கூவர் நகரத்துக்குப் பக்கத்தில் 'ஹார்ஸ்ஷூ பே' துறையில் படகு ஏறினால் ஒன்றே முக்கால் மணியில் தீவிலுள்ள நனைமோ. அங்கிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல். நடுவில் கதீட்ரல் குரோவில் இறங்கிக் காலை நீட்டிக்கொள்ளலாம். கார் அவர் ஓட்டுவார், நீ முன்சீட்டில் உட்கார்ந்துகொள்.

உன் பிசியோதெரபிஸ்டிடம் இரண்டு கேள்வி கேட்டு எழுது. ஒரே மூச்சில் எத்தனை படி இறங்கலாம்? ஒருநாள் நடந்தால் மறுநாள் ஓய்வு வேண்டுமா? அதற்கேற்ற மாதிரி நாட்களைப் பிரித்து அறை பதிவு செய்கிறேன். கோமுவும் வருகிறாளாம், கேட்டதுமே சரி என்றுவிட்டாள். வீட்டுக்காரரிடம் நான் பேசவேண்டுமென்றால் சொல், இன்றைக்கே பேசுகிறேன்.

அன்புடன்,
ஜெயா

பி.கு.: பூங்காவுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், அதை நான் வாங்கி வைக்கிறேன். நீ பைனாகுலரை மறக்காமல் கொண்டு வா. உச்சிப் பாசியில் கூடு கட்டும் ஒரு கடற்பறவை இருக்கிறது. பகலெல்லாம் கடலில் மீன் பிடித்துவிட்டு இருட்டோடு காட்டுக்குள் வரும். பார்ப்பது கஷ்டம்தான், ஆனாலும் விடியற்காலை ஒருமுறை முயன்று பார்ப்போம்.