நாய் விடுதியில் ஏற்பட்ட உண்ணித் தொற்று குறித்த புகார்

நாகர்கோவில்,
நவம்பர் 12.

பெறுநர்:
மேலாளர், நாய்கள் தங்கும் விடுதி, நாகர்கோவில்.

பொருள்: எங்கள் நாய் ஜிம்மிக்கு உங்கள் விடுதியில் உண்ணிக் காய்ச்சல் தொற்றியது தொடர்பாக.

ஐயா,

தங்கையின் வளைகாப்புக்குச் சென்னை போக வேண்டியிருந்ததால், அக்டோபர் 17 முதல் 22 வரை ஜிம்மியை உங்களிடம் விட்டிருந்தோம். நாளொன்றுக்கு 600 ரூபாய் வீதம் 3,600 ரூபாய் முன்பணமாகவே கட்டினேன்.

விடுவதற்கு முன் அறைகளைப் பார்க்கலாமா என்று கேட்டேன். புது ஆள் வந்தால் நாய்கள் குலைக்கும் என்றீர்கள். அதை நம்பி வாசலோடு திரும்பியது என் தவறுதான்.

22ஆம் தேதி சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஜிம்மியின் காது மடலிலும் விரலிடுக்கிலுமாகப் பதினொரு உண்ணிகளைப் பிடுங்கினோம். நவம்பர் 2ஆம் தேதி காய்ச்சல். சாளைக் குழம்பு கொதித்தால் அடுப்படியை விட்டு நகராத நாய், தலையைக்கூடத் தூக்கவில்லை. மறுநாள் மூக்கிலிருந்து ரத்தம். பரிசோதனையில், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் 38,000தான். நல்ல நாய்க்கு ஏறக்குறைய இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். எர்லிக்கியா, அதாவது உண்ணி பரப்பும் கிருமிக் காய்ச்சல் என்று சொன்ன டாக்டர், 28 நாளுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து எழுதிக் கொடுத்தார். உண்ணி கடித்து ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் இந்தக் காய்ச்சல் தலைகாட்டும் என்றும் சொன்னார். நாளை எண்ணிப் பாருங்கள்.

போனில் நீங்கள் சொன்ன பதில், “நாய்னா உண்ணி இருக்கத்தான் செய்யும், உங்க வீட்டிலேருந்தே வந்திருக்கும்.” சேர்க்கும்போது உங்கள் பையன்தான் காதைப் புரட்டிப் பார்த்து, படிவத்தில் ‘உண்ணி இல்லை’ என்று எழுதினான். நகல் இணைத்துள்ளேன்.

கூட்டிவர வந்த அன்றுதான் அறையைப் பார்த்தேன். பூச்சு உதிர்ந்த சுவர், விரல் நுழையும் வெடிப்புகள். ரத்தம் குடித்த உண்ணி நாயை விட்டு இறங்கி அந்த மாதிரி வெடிப்பில்தான் ஒளியும், அங்கேயே ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்களை மட்டும் குளிப்பாட்டி என்ன பயன்? பக்கத்து அறை லேப்ரடார் கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டி நின்றது. அதன் தடுப்பூசி புத்தகத்தைக் கேட்டால் “அவங்க அப்புறம் கொண்டு வருவாங்க” என்கிறார் உங்கள் ஊழியர். எங்களிடம் மட்டும் ரேபிஸ் ஊசி தேதி வரை சரிபார்த்தீர்களே?

இன்னொன்று. 20ஆம் தேதி ‘இன்றைய வீடியோ’ என்று ஒன்று அனுப்பினீர்கள். முற்றம் காய்ந்து கிடக்கிறது, வெயில் அடிக்கிறது. அன்று காலைதான் பக்கத்து வீட்டு அக்கா போனில், “ராத்திரியிலேருந்து கொட்டுது, பழையாறு நிறைஞ்சு ஓடுது” என்றார். முதல் நாள் எடுத்ததைத் தினமும் வெட்டி வெட்டி அனுப்பியிருக்கிறீர்கள். உண்ணியைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

தங்கிய கட்டணம் 3,600, இதுவரை ஆன வைத்தியச் செலவு 8,450, ஆக 12,050 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். ரசீதுகள் இணைப்பில் உள்ளன. சுவர் வெடிப்புகளைப் பூசி, உண்ணிக்கு மருந்தடித்த பிறகே அடுத்த நாயைச் சேர்க்க வேண்டும். நாயை விட வருகிறவர்களுக்கு அறையைத் திறந்து காட்டவும் வேண்டும். 15 நாளில் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். அதற்கு வக்கீல்கூடத் தேவையில்லை.

ஜிம்மியின் போர்வை உங்களிடமே இருக்கிறது. திருப்பி அனுப்ப வேண்டாம், எரித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஜிம்மியின் வீட்டார்