புடலங்காய் காய்த்துவிட்டது

ஸ்காபரோ, கனடா,
செப்டெம்பர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் போன கிழமை கிடைத்தது. போனில் கதைத்தால் உங்களுக்குப் பாதி கேட்பதில்லை. அதனால் தோட்டத்துக் கதையை எழுதியே அனுப்புகிறேன். ஆறுதலாக இருந்து வாசியுங்கள், அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

புடலங்காய் காய்த்துவிட்டது அப்பா. ஏழு காய். நீங்கள் செய்வது போல நுனியில் சின்னக் கல்லுக் கட்டிவிட்டேன், நேராகத் தொங்குகின்றன.

புடோல் பூத்தும் பிஞ்சு நிற்கவில்லை என்று நான் சொன்னதற்கு, மண்ணில்தான் பிழை, சாம்பல் போடு என்று எழுதியிருந்தீர்கள். மண்ணிலும் பிழை இருந்தது உண்மை. எங்கள் சுன்னாகத்துச் செம்மண் போலக் கையில் உதிராது. ஈரத்தில் ஒட்டும், காய்ந்தால் வெடிக்கும், அப்படிக் களி. அதனால் போன வருசமே பலகை அடித்து முழ உயரத்துக்குப் பாத்தி கட்டினேன். இங்கே ஒக்டோபர், நவம்பரில் எல்லா வீட்டிலும் மேப்பிள் இலையைக் கூட்டிப் பெரிய கடதாசிப் பைகளில் தெருவோரம் வைப்பார்கள், நகரசபை வண்டி வந்து ஏற்றிப்போகும். அயலட்டையில் கேட்டுப் பதினாறு பை வாங்கினேன். நீங்கள் பூவரசங்குழை தாழ்ப்பீர்களே, அப்படியே மண்ணுக்குள் தாழ்த்துவிட்டேன். பனிக்குக் கீழே கிடந்து வைகாசிக்குள் பாதி உக்கி, கிண்டினால் மண்புழு. அதைக் கண்டு நான் பட்ட சந்தோசம் உங்களுக்குத்தான் விளங்கும்.

ஆனால் பூத்தும் பிஞ்சு நிற்காததற்குக் காரணம் மண் இல்லை. முன்வீட்டு அன்ரி மட்டுவில் ஊர்க்காரி, கத்தரிக்காயைத் தவிர வேறு எதையும் மரக்கறியாகவே மதிக்கமாட்டா. அவதான் கேட்டா: "பிள்ளை, புடோல் இரவில் எல்லோ பூக்கிறது. ஆர் வந்து மகரந்தம் வைக்கிறது?" ஊரில் அந்தி பட்டால் விட்டில்கள் வந்து அந்த வேலையைச் செய்துவிடும், நாங்கள் யோசித்ததே இல்லை. இங்கே என் பந்தலுக்கு அவை வருவதாகத் தெரியவில்லை. இரவு ஒன்பது மணிக்குச் சின்னவள் ரோச் வெளிச்சம் பிடிக்க, குலையாய்ப் பூத்த ஆண்பூ ஒன்றைப் பிடுங்கி, அந்த வெள்ளை நூல் இதழ்களை நீக்கிவிட்டு, அடியில் பிஞ்சோடு தனியே நிற்கும் பெண்பூவில் மெல்லத் தடவினேன். நாலாம் நாள் பிஞ்சு மஞ்சளாகி விழவில்லை, நீண்டிருந்தது. சின்னவள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

பாகலின் கதை வேறு. ஆனி முழுக்க ஆண்பூ மட்டும்தான். இங்கே ஆனியில் பகல் 15 மணித்தியாலத்துக்கும் மேல், இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் நிற்கும். எங்கள் ஊரில் மிக நீண்ட பகலும் 13 மணித்தியாலம் வராது. பகல் நீண்டால் பாகல் பெண்பூவைப் பிந்தித்தான் விடுமாம். ஆவணியில் பொழுது குறுகத் தொடங்கியதும் பெண்பூ வந்தது. கொடிக்கு நாடு மாறியது தெரிந்திருக்கிறது அப்பா.

காலம்தான் போதாது. மே 25க்கு முந்திய திங்கட்கிழமை இங்கே விக்டோரியா நாள் விடுமுறை. அது கழியும் வரை உறைபனிக்குப் பயந்து ஒருவரும் நாற்றை வெளியில் நட மாட்டார்கள். ஒக்டோபரில் உறைபனி திரும்ப வந்துவிடும். போன வருசம் ஒரே இரவில் மிளகாய், பயித்தங்கொடி எல்லாம் கறுத்துச் சுருண்டுபோய், காலையில் பார்த்து அழுதேன். அதனால் இம்முறை சித்திரையிலேயே யன்னலோரம் யோகட் கோப்பைகளில் விதை போட்டேன். கறிவேப்பிலை சாடியில் நிற்கிறது, இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்கியதும் வீட்டுக்குள் எடுத்துவிடுவேன்.

நேற்று ஒரு காயைப் பால்விட்டு வெள்ளைக்கறி வைத்தேன். இவர் இரண்டாம் தரம் சோறு கேட்டார்.

முதல் பிடித்த காயை விதைக்கு விட்டிருக்கிறேன். நுனிப்பக்கம் இலேசாகச் சிவக்கத் தொடங்கியிருக்கிறது. கொடியிலேயே முழுக்கப் பழுக்க விடவேண்டுமா, உறைபனிக்கு முன் பறித்து வீட்டுக்குள் தொங்கவிட்டாலும் விதை முற்றுமா? இந்தக் கடிதம் கிடைத்தவுடன் தம்பியிடம் சொல்லிப் போன் எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் பதில் தபாலில் வர முன் பனி வந்துவிடும்.

அன்பு மகள்