நம் ஒளிப்படச் சங்கத்தின் ஆண்டறிக்கை: சித்திரை முதல் பங்குனி வரை

தலைவர் அவர்களே, செயற்குழுப் பெரியோர்களே, ஆச்சிமார்களே, உறுப்பினர்களே, விடுமுறைக்கு ஊருக்கு வந்து இங்கே வந்து மாட்டிக்கொண்ட பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அதனால் பணத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை, பிரிண்ட் செலவைப் பற்றிய ஒரு செய்தியைத் தவிர. அது பின்னால் வரும்.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு உள்ளூரிலேயே பயிற்சி, வெளியூர்ப் பயணம் கிடையாது என்று சென்ற பொதுக்குழு தீர்மானித்தது. அன்றைக்கே முணுமுணுப்பு எழுந்தது. வேன் பிடித்துத் தனுஷ்கோடிக்கும் கொடைக்கானலுக்கும் போனால்தான் சங்கம் நடக்கிறது என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. போனால் படம் நிறைய வரும், மறுக்கவில்லை. ஆனால் புது இடத்தில் பார்ப்பதெல்லாம் அதிசயம். அதிசயத்தைப் படம் பிடித்த திருப்தியில், அதன்மேல் விழுந்த வெளிச்சத்தை யாரும் கவனிப்பதில்லை. பிறந்ததிலிருந்து பார்த்துச் சலித்த திண்ணையில் உட்கார வைத்தால், பார்க்க வேறொன்றும் இல்லாமல் வெளிச்சத்தைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். இந்த ஆண்டு நடந்ததெல்லாம் இதை ஒட்டித்தான்.

நம் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் உறுப்பினர் ஒருவர், பங்காளிகள் எல்லோரிடமும் சம்மதம் வாங்கி, தங்கள் பூர்வீக வீட்டைப் பயிற்சிக்குத் திறந்துவிட்டார். பத்துப் புள்ளி (பங்குக் குடும்பம்) உள்ள வீட்டில் எல்லோரிடமும் சம்மதம் வாங்குவது எவ்வளவு பெரிய காரியம் என்பது இந்தச் சபைக்குத் தெரியும். அவருக்கும், ஒவ்வொரு முறையும் வந்து கதவு திறந்துவிட்ட வீடு பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கும் முதல் நன்றி.

அந்த வீட்டின் அமைப்பே எங்கள் பாடத்திட்டம் ஆயிற்று. தெருத் திண்ணையில் முழு வெயில். முகப்பில் அரை நிழல். வளவுக்குள், அதாவது நடு முற்றத்துக்குள் போனால் மேலிருந்து இறங்கும் வெளிச்சம். தூண்களுக்குப் பின்னால் பத்தியில் (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில்) அது மங்குகிறது. இரண்டாங்கட்டை (வீட்டின் அடுத்த பகுதியை) தாண்டி உள்ளறைக்குப் போனால் கண் பழகவே சற்று நேரமாகும். நிலை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருப்பதால், தெருவில் நின்றால் கடைசியில் பின்வாசல் ஒரு சிறு வெள்ளைக் கட்டமாகத் தெரியும். ஒளியளவில் ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் ஒரு முறை இரட்டிப்பது. தெரு வெயிலுக்கும் உள்ளறைக்கும் பத்து ஸ்டாப் வித்தியாசம் சாதாரணமாக வரும். பத்து முறை இரட்டித்தால் ஆயிரம் மடங்குக்கு மேல். கண் இதைச் சமாளித்துவிடும். கேமரா சமாளிக்காது. எந்த இடத்துக்கு ஒளியளவு வைப்பது, எதை இருட்டில் விடுவது என்று எடுப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவு தொடங்கும் இடத்தில்தான் கலை தொடங்குகிறது என்று முதல் வகுப்பிலேயே சொன்னோம். ஆடி மாதம் வரை யாரும் நம்பவில்லை.

செல்போன் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் கடினமாக இருந்தது. இன்றைய செல்போன் ஒரு தொடுதலில் பல படங்களை எடுத்து, இருட்டைத் தூக்கி, வெளிச்சத்தை அடக்கி, ஒன்றாக்கித் தருகிறது. அதனால் உள்ளறையும் திண்ணையும் ஒரே வெளிச்சத்தில் இருப்பதுபோல் வருகிறது. பார்க்கத் தெளிவாக இருக்கும். அந்த வீட்டுக்குள் நடந்து போன உணர்வு இருக்காது. திரையில் விரலால் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்து, இருட்டை இருட்டாகவே விடப் பழக்கினோம். ‘கேமரா வாங்கட்டுமா?’ என்ற கேள்வி அதற்குப் பிறகு குறைந்தது. செயலாளர் என்ற முறையில் இது எனக்குப் பெரிய நிம்மதி. சென்ற ஆண்டுகளில் பாதி நேரம் லென்ஸ் விலையிலேயே போயிற்று.

ஒரே வளவை மாதாமாதம் பார்த்ததில் கிடைத்த பாடத்தை விரிவாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். நம் பகுதி ஏறக்குறைய 10 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. சித்திரை பிறந்த சில நாளிலும், மறுபடி ஆவணி இரண்டாம் வாரத்தை ஒட்டியும் நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. அப்போது பகல் 12.15 வாக்கில் வளவு முற்றத்தில் வெயில் செங்குத்தாக விழுகிறது. தூணுக்கு நிழலே இல்லை. முகத்தை எடுத்தால் கண்குழியில் இருட்டு, மூக்கில் பளபளப்பு. மார்கழியில் அதே நேரத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து ஏறத்தாழ 56 பாகை உயரத்தில் நிற்பதால், வெயில் வடபுறப் பத்திக்குள் ஏறி, பர்மா தேக்குத் தூண்களின் பக்கவாட்டில் விழுகிறது. கடைசல் வேலைப்பாடு ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும். சித்திரையில் தட்டையாக வந்த அதே தூண்! ‘லைட் சரியில்லை’ என்று சொல்லித் திரும்பிப் போன பையன் ஒருவன், மார்கழியில் தானே வந்து, எந்தத் தூணில் எப்போது வெயில் ஏறும் என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் குறித்து வைத்தான். அவனுக்கு நான் கற்றுக்கொடுக்க இனி அதிகம் இல்லை.

முகம் எடுக்க மிக நல்ல இடம் பத்தியின் விளிம்பு என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு. நேர் வெயில் படாமல், முற்றத்தைப் பார்த்தபடி ஆளை உட்கார வைத்தால் வெளிச்சம் மென்மையாக வரும். இரண்டு அடி பின்னால் தள்ளினால் முகத்தின் ஒரு பக்கம் நிழலுக்குள் போகும். ஃபிளாஷ் தேவையே இல்லை.

ஆவணி மாத வேலை ‘வெள்ளை’. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவரை எடுத்து வரச் சொன்னோம். பெரும்பாலான படங்களில் சுவர் சாம்பல் நிறத்தில் வந்தது. சுவர் அழுக்கில்லை. கேமராவின் ஒளிமானி எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது. வெள்ளைச் சுவருக்கும் வெள்ளை வேட்டிக்கும் ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்ட வேண்டும். பிள்ளையார்பட்டிக் குடைவரை போன்ற கருங்கல் சிற்பமானால் குறைக்க வேண்டும். (கருவறைக்குள் கேமரா கூடாது என்பது வேறு விஷயம். அதை நினைவூட்ட வேண்டிய நிலை இந்த ஆண்டும் வந்தது.)

ஆத்தங்குடிப் பூக்கல் தரையை எடுக்காதவர் யாருமில்லை. அதனால் அதன் அழகை விட்டு, பளபளப்பை மட்டும் பாடமாக வைத்தோம். அந்தக் கல் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி வார்க்கப்படுவது; வழவழப்பு அந்தக் கண்ணாடி தந்தது. அதனால் சாய்வாகப் பார்த்தால் வானம் தரையில் தெரியும், பூ தெரியாது. லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் வடிகட்டியைச் சுழற்றினால் பிரதிபலிப்பு அடங்கி நிறம் வெளியே வரும். அதே வித்தையைப் பித்தளைத் தவலையிடம் காட்டினால் பலிக்காது. உலோகத்தின் பளபளப்புக்கு அது கட்டுப்படாது. ஒரு ஆச்சி, ‘பளபளப்பு இருந்தாத்தானேப்பா தரை தொடச்சிருக்குன்னு தெரியும்’ என்று கேட்டார். எங்களில் யாரிடமும் பதில் இல்லை. வடிகட்டியைக் கழற்றி எடுத்த படம்தான் அன்று சுவரில் ஏறியது.

புரட்டாசியில் முக்காலியில் (டிரைபாடில்) கேமராவை வைத்து, ஷட்டரை முப்பது நொடி திறந்து வைத்து, வளவில் பிள்ளைகளை ஓடிப் பிடித்து விளையாட விட்டோம். படத்தில் ஒரு பிள்ளையும் இல்லை, காலி வளவு. 1858 வாக்கில் மதுரை, தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளைப் படமெடுத்த ஆங்கிலேய ராணுவ அதிகாரி லின்னேயஸ் டிரைப்பின் படங்களில் தெருக்கள் ஏன் அப்படி ஆளரவமற்று இருக்கின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று அன்று புரிந்தது. அவர் பயன்படுத்திய மெழுகேற்றிய காகித நெகட்டிவுக்கு நீண்ட நேரம் வெளிச்சம் வேண்டும். நடப்பவர்கள் பதிய மாட்டார்கள்.

தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டு. 1/1000 நொடியில் எடுத்தவர்களுக்கு மாடு அந்தரத்தில் நின்றது. 1/30-இல் மாட்டோடு கேமராவையும் திருப்பி எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தேறவில்லை. தேறிய ஒன்றிரண்டில் மாட்டின் வேகம் இருந்தது. நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலுக்கும் போனோம். புகைக்கு எதிரே நின்று எடுத்தவர்கள் பிழைத்தார்கள்.

இனி மாதாந்திரக் கூட்டம். ஆளுக்கு ஒரு படம், அதுவும் பிரிண்ட் போட்டு எட்டுக்குப் பத்து அளவில், என்ற விதியைக் கறாராக நடத்தினோம். செல்போனை நீட்டி ‘இதப் பாருங்க, இதையும் பாருங்க’ என்று விரலால் தள்ளுவது நின்றது. ஒரு மாதம் எடுத்ததில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எடுப்பதைவிடக் கடினம் என்று பலர் வீட்டிலேயே சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். படத்தைச் சுவரில் வைத்ததும் எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் முதலில் என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும். ‘சூப்பர்’, ‘அருமை’ இரண்டும் தடை செய்யப்பட்ட சொற்கள். கண் முதலில் எங்கே போகிறது, பிறகு எங்கே போகிறது, ஓரத்தில் நிற்கும் பிளாஸ்டிக் குடத்துக்கு அங்கே என்ன வேலை, தூண்கள் ஏன் உள்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன (கேமராவை அண்ணாந்து பிடித்ததால்) என்று பேச்சு போகும். சங்கத்தில் நாங்கள் கற்றுக்கொடுத்ததைவிட இந்தக் கூட்டங்களில் அவர்களே கற்றது அதிகம். பிரிண்ட் செலவில் பாதியைச் சங்கம் ஏற்றது. அதைத்தான் பின்னால் வரும் என்றேன். பொருளாளர் இந்த இனத்தை வாசிக்கும்போது முகம் சுளிப்பார்; சபையோர் பொறுத்தருள வேண்டும்.

பங்குனியில் தொடங்கிய பணி, பழைய படங்களை நகலெடுப்பது. நம் வீடுகளில் முகப்புச் சுவரில் உயரத்தில், முன்பக்கம் சாய்ந்தபடி மாட்டிய ஐயாக்களின் படங்களுக்குக் கரையானும் ஈரமும் எமன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் அதே சட்டங்கள் விலைக்குத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வாங்குகிறவருக்குச் சட்டம் வேண்டும். உள்ளே இருப்பவர் யாரென்று விற்பவருக்கும் தெரியாது. முறை எளிதுதான்: படத்துக்கு நேர் எதிரே கேமரா, இரு பக்கமும் 45 பாகையில் விளக்கு, பிரதிபலிப்பைத் தடுக்கக் கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி. படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்கவே கூடாது. பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே எடுக்க வேண்டும். தொழில்நுட்பம் இவ்வளவே. பெயர் கேட்டு எழுதுவதில்தான் நேரம் போகிறது. பள்ளத்தூரில் ஒரு வீட்டில் பெரிய ஆச்சி ஒருவர், படத்தில் ஓரமாக நின்ற சிறுமியைக் காட்டி, ‘இது எங்க சின்னாயா, மலாயாவுக்குப் போயிட்டு வந்த கப்பல்ல காய்ச்சல்ல போயிட்டாக’ என்றார். வீட்டில் வேறு யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. படமெடுக்கக் கற்க வந்த கல்லூரிப் பிள்ளைகள் அன்று பெரும்பாலும் பென்சிலும் கையுமாகத்தான் இருந்தார்கள்.

இந்த மண்ணுக்கு இதில் உரிமை உண்டு என்பதையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். கோட்டையூரில் 1911-இல் பிறந்த ஏ. கே. செட்டியார், டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக்கலை படித்தவர். உலகெங்கும் சுற்றிப் படச்சுருள் சேகரித்துக் காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்தை 1940-இல் வெளியிட்டவர். ஏ.வி.எம். ஸ்டூடியோவை நிறுவிய ஏ. வி. மெய்யப்பனார் சென்னை வடபழனிக்குப் போகும் முன் காரைக்குடியில்தான் ஸ்டூடியோ நடத்தினார். இவ்வளவு இருந்தும் நம் கல்யாண ஆல்பங்கள் ஏன் எல்லாம் ஒன்றுபோல் இருக்கின்றன என்று கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள்.

ஒரு வருத்தம். வெளியூரிலிருந்து வந்த படப்பிடிப்புக் குழு ஒன்று, நம் உறுப்பினர் வழியாக ஒரு வீட்டுக்குள் போய், பூஜை அறைப் பொருள்களை வளவில் பரப்பி எடுத்துவிட்டுப் போனது. வீட்டார் நம்மிடம்தான் கேட்டார்கள். இனி வெளியாருக்கு வீடு கேட்டுக் கொடுக்கும் வேலையைச் சங்கம் செய்யாது என்று செயற்குழு முடிவெடுத்திருக்கிறது. அதே கூட்டத்தில், கல் வார்க்கும் இடத்திலோ கொட்டான் (ஓலைக்கூடை) பின்னும் வீட்டிலோ ஆட்களை எடுத்தால் கேட்டு எடுப்பது, அவர்களுக்கு ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதும் விதியாயிற்று. கொடுத்தவர்கள் பட்டியல் என்னிடம் இருக்கிறது. கொடுக்காதவர்கள் பட்டியலும் இருக்கிறது, இங்கே வாசிக்கவில்லை.

வரும் ஆண்டுக்கு மூன்று முன்மொழிவுகள். பழைய படங்களை நகலெடுப்பதைத் தேவகோட்டைப் பக்கமும் கொண்டுபோவது. அதற்கு ஒரு ஜோடி விளக்கு வாங்க அனுமதி வேண்டும். மாதக் கூட்டத்தில் கறுப்பு வெள்ளைக்கு ஒரு தனி மாதம் ஒதுக்குவது. வெளியூர்ப் பயணத் தடையை இரண்டாம் ஆண்டு உறுப்பினர்களுக்கு மட்டும் நீக்குவது. மூன்றாவதில் செயற்குழு இரண்டாகப் பிரிந்து நிற்பதால் சபையின் வாக்குக்கே விடுகிறோம். தடை நீடிக்க வேண்டும் என்ற பக்கத்தில் நான் இருக்கிறேன்.

சித்திரை முதல் கூட்டத்துக்கான வேலை: உங்கள் வீட்டு அடுப்படி, காலை வெளிச்சத்தில், ஒரே ஒரு படம். ஆட்கள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பிரிண்ட்டோடு வரவும்.

இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்